தங்கத் தகடு தாத்தா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அணுவோட அமைப்பு பத்தி ஒரு வாசகர் கேட்டிருந்தார், அதுக்கு பதில் எழுதும்போது போற போக்குல "ரூதர்ஃபோர்டு விஞ்ஞானியா எவ்ளோ பெரிய ஆளோ, வாத்தியாரா அதைவிடப் பெரிய ஆளு, கடைசி காலத்துல பேரப்பிள்ளைங்கன்னா உசிரு"ன்னு ஒரு வரி போட்டுட்டேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. அதனால சினிமா, அரசியல், மாமியார் பஞ்சாயத்து எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, இந்த தடவை முழுக்க அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டுதான்.

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். தங்கத் தகடு சோதனையை தினமும் மனப்பாடம் பண்றான், எனக்கே பாதி மனப்பாடம் ஆயிடுச்சு. அந்த சோதனையை ரூதர்ஃபோர்டு தனியா உட்கார்ந்து பண்ணாரா? எந்த ஊர்க்காரர் அவரு?
(ஒரு அம்மா, விழுப்புரம்)

நியூசிலாந்துங்க. 1871ல நெல்சன்ங்கிற ஊர் பக்கத்துல பொறந்தவரு. வீட்ல பன்னெண்டு பிள்ளைங்க, இவரு நாலாவது. அப்பா வண்டிச் சக்கரம் செய்யற ஆளு, அப்புறம் நார் மில்லும் நடத்தினாரு, அம்மா ஸ்கூல் டீச்சர். இங்கிலாந்து போய் படிக்கறதுக்கான ஸ்காலர்ஷிப் முதல்ல வேற ஒருத்தருக்குத்தான் கிடைச்சுச்சு, அவரு வேண்டாம்னதால இவருக்கு வந்துச்சு. 1895ல அந்த சேதி வந்தப்போ இவரு தோட்டத்துல உருளைக்கிழங்கு தோண்டிட்டு இருந்தாராம், மண்வெட்டியைத் தூக்கிப் போட்டு "இதான் நான் தோண்டற கடைசி கிழங்கு"ன்னு சொன்னதா அவங்க குடும்பத்துல ஒரு கதை சொல்லுவாங்க.

இப்ப உங்க பையன் விஷயம். அந்த சோதனையை கையால பண்ணது ரூதர்ஃபோர்டு இல்லீங்க. 1909ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் கெய்கர்னு ஒரு ஜெர்மன்காரரு, அவர்கூட எர்னஸ்ட் மார்ஸ்டன்னு ஒரு பையன், வயசு இருபதுதான், அப்ப டிகிரியே முடிக்கல. இந்தப் பையனுக்கு ஏதாவது சின்னதா ஆராய்ச்சி வேலை குடுக்கலாமான்னு கெய்கர் கேட்க, மெல்லிசான தங்கத் தகடு மேல ஆல்ஃபா துகளை (கதிரியக்கப் பொருள்ல இருந்து வேகமா பாயற குட்டித் துகள்) விட்டா அதுல ஏதாவது பின்னாடி திரும்பி வருதான்னு பார்க்கச் சொல்லுன்னாரு ரூதர்ஃபோர்டு. வரும்னு அவருக்கே நம்பிக்கை கிடையாது, பையன் கை பழகட்டுமேன்னுதான் குடுத்தாரு.

வேலை எப்படின்னா, ரூமை இருட்டாக்கிட்டு கண்ணு இருட்டுக்குப் பழகற வரைக்கும் அரை மணி நேரம் சும்மா உட்காரணும். அப்புறம் துத்தநாக சல்ஃபைடு தடவின ஒரு திரையை மைக்ராஸ்கோப் வழியா பார்த்துக்கிட்டே இருக்கணும், துகள் வந்து மோதினா பொட்டுனு ஒரு மின்னல், அதை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும். கொஞ்ச நேரத்துலயே கண்ணு சோர்ந்து போகும், அடுத்த ஆளு உட்காரணும். அப்படி எண்ணித்தான் ஏறக்குறைய 8000 துகள்ல ஒண்ணு திரும்பி வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. பதினஞ்சு இஞ்ச் பீரங்கி குண்டை டிஷ்யூ பேப்பர் மேல சுட்டா அது திரும்பி வந்து நம்மளையே அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு ரூதர்ஃபோர்டு பின்னால சொன்னது இதைத்தான். அதுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டு 1911ல "அணுவுக்கு நடுவுல ரொம்பச் சின்னதா ஒரு கரு இருக்கு"ன்னு எழுதினது மட்டும்தான் அவரு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, 1909ல அந்த சோதனையைப் பத்தி வெளியான கட்டுரைல கெய்கர், மார்ஸ்டன் ரெண்டு பேர் பேருதான் இருக்கு. ஐடியா இவரோடது, லேப் இவரோடது, பேரு மட்டும் பசங்களோடது. நம்ம ஊர்ல பிஎச்டி பண்றவங்க இதைப் படிச்சுட்டு பெருமூச்சு விட்டா நான் பொறுப்பில்ல. பரீட்சைல உங்க பையன் ரூதர்ஃபோர்டுன்னே எழுதட்டும், மார்க் முக்கியம், ஆனா மார்ஸ்டன் பத்தி சொல்லி வைங்க, இருபது வயசுப் பையன் பண்ண வேலைன்னு தெரிஞ்சா அவனுக்கே படிக்க ஒரு இது வரும்.

அவரு நல்ல வாத்தியார்னு எழுதியிருந்தீங்க. ஆனா கிளாஸ் எடுக்க வராதுன்னு எங்க காலேஜ்ல ஒரு புரொஃபசர் சொன்னாரு. எது சார் கரெக்ட்?
(எம்எஸ்சி மாணவர், திருநெல்வேலி)

ரெண்டுமே கரெக்ட் தம்பி. நியூசிலாந்துல இருந்தப்போ ஸ்கூல் வாத்தியார் வேலைக்கு முயற்சி பண்ணி அது அவருக்குத் தோதுப்படல, பசங்களைக் கட்டுப்படுத்தவே தெரியாதாம். பெரிய புரொஃபசர் ஆனதுக்கப்புறமும் போர்டுல கணக்கு போட்டுக்கிட்டே வந்து நடுவுல சிக்கிக்குவாரு. ஆனா லேப்ல அவரு வேற ஆளு.

1919ல கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரா வந்தாரு. ரவுண்ட்ஸ் வருவாரு, ஒவ்வொரு பையன் மேஜை பக்கத்துலயும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாரு, என்ன ஆச்சு, ஏன் ஆகல, அடுத்து என்னன்னு கேட்பாரு. வர்றதுக்கு முன்னாடியே பாட்டு சத்தம் கேட்டுரும், சுதியே சேராத ஒரு சர்ச் பாட்டு. குரல் அவ்ளோ பெருசு, அந்தக் காலத்து கருவிங்க சத்தத்துக்கே ஆடிப்போகும், அதனால "மெதுவா பேசுங்க"ன்னு லேப்ல ஒரு போர்டு தொங்கவிட்டிருந்தாங்க, அந்த போர்டுக்கு நேர் கீழயே நின்னு இவரு பேசிட்டு இருக்கற போட்டோ இருக்கு தம்பி, கிடைச்சா பாருங்க.

சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா லேபைப் பூட்டிருவாங்க. ராத்திரி வேலை கிடையாது. கருவியோட போராடினது போதும், வீட்டுக்குப் போய் யோசின்னு சொல்ற கட்சி அவரு. இப்ப ராத்திரி பதினோரு மணிக்கு கைடுகிட்ட இருந்து வாட்ஸ்அப் வர்ற காலத்துல இதை நம்பறதே கஷ்டம்தான், ஆனா அந்த ஆறு மணி லேப்ல 1932ங்கற ஒரே வருஷத்துல சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிச்சாரு, காக்கிராஃப்ட்டும் வால்டனும் மிஷின் வச்சு லித்தியம் அணுவைப் பிளந்தாங்க. அந்த மிஷின்ல காத்து கசியாம இருக்க களிமண் மாதிரி இருக்கற பிளாஸ்டிசினை அப்பி வச்சிருந்தாங்க, குழந்தைங்க உருட்டி விளையாடறதுதான். அடியில ஒரு சின்ன கூண்டு, அதுக்குள்ள குனிஞ்சு உட்கார்ந்துதான் திரையைப் பார்க்க முடியும், அறுபது வயசுல ரூதர்ஃபோர்டு அந்தப் பெரிய உடம்பைத் திணிச்சுக்கிட்டு உள்ள போய் உட்கார்ந்து, இன்னும் வோல்டேஜ் ஏத்து, குறைன்னு உள்ள இருந்தே கத்தி, வெளில வந்து இது ஆல்ஃபா துகள் மாதிரியேதான் இருக்குன்னு உறுதியா சொன்னாரு. அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆளு உலகத்துலயே கிடையாது, அதுக்குப் பேரு வச்சதே அவருதானே.

அவர்கிட்ட வேலை பார்த்து நோபல் வாங்கினவங்க லிஸ்ட் பெருசு. சாடி, போர், ஹெவெசி, ஹான், சாட்விக், பிளாக்கெட், காக்கிராஃப்ட், வால்டன், கபிட்சா, இன்னும் இருக்காங்க. கனடாவுல இருந்தப்போ அவரோட முதல் ஆராய்ச்சி மாணவி ஹாரியட் புரூக்ஸ்னு ஒரு பொண்ணு, அது நடந்தது நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி. கேம்பிரிட்ஜ்ல பொண்ணுங்களுக்கு டிகிரி குடுக்கணும்னு 1920ல டைம்ஸ் பத்திரிகைக்கே லெட்டர் போட்டிருக்காரு, யுனிவர்சிட்டி கேட்கல, அது வேற கதை.

கபிட்சாவை 1934ல ஊருக்குப் போன இடத்துல ரஷ்யாக்காரங்க திரும்ப விடல. இவரு என்னென்னவோ பண்ணிப் பார்த்தாரு, ஆளு வரமாட்டாருன்னு தெரிஞ்சதும் ஆளுக்குப் பதிலா அவரோட கருவிகளையெல்லாம் ரஷ்யாவுக்கே அனுப்பி வச்சாரு, 30,000 பவுண்டுக்கு விலை பேசி. பையன் எங்க இருந்தாலும் வேலை நிக்கக்கூடாதுன்னு. கிளாஸ் நல்லா எடுக்கற வாத்தியார் ஆயிரம் பேர் கிடைப்பாங்க, இது யாரு பண்ணுவா சொல்லுங்க.

இயற்பியல் ஆளுக்கு ஏன் வேதியியல் நோபல்?
(கடலூர்)

1908ல குடுத்தாங்க. கதிரியக்கத்துல ஒரு தனிமம் இன்னொரு தனிமமா மாறுதுன்னு சாடியோட சேர்ந்து காமிச்சதுக்கு. நான் எத்தனையோ மாற்றங்களைப் பார்த்திருக்கேன், ஆனா நான் இயற்பியல்காரன்ல இருந்து வேதியியல்காரனா மாறின வேகத்துக்கு எதுவும் ஈடில்லைன்னு அவரே கிண்டலடிச்சாரு.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மகள் இறந்த பின் பேத்தியை நாங்கள்தான் வளர்க்கிறோம். பெரிய விஞ்ஞானிகளுக்குக் குடும்பம் கண்ணில் படாது என்று சொல்வார்கள். ரூதர்ஃபோர்டு பேரப்பிள்ளைகள் மேல் உயிராக இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
(தஞ்சாவூர்)

ஐயா, உங்க கடிதத்தைப் படிச்சுட்டு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல, ஏன்னா அவரு கதையும் அதேதான்.

அவருக்கு ஒரே பொண்ணு, ஐலீன், 1901ல பொறந்தவங்க. 1921ல ரால்ஃப் ஃபௌலர்ங்கிற கணித இயற்பியல்காரரைக் கல்யாணம் பண்ணாங்க. மாப்பிள்ளை முதல் உலகப்போர்ல துருக்கி பக்கம் கலிப்போலில தோள்ல குண்டடி பட்டுப் பிழைச்சு வந்தவரு. அதே கலிப்போலிலதான் ரூதர்ஃபோர்டோட மாணவர் மோஸ்லி 1915 ஆகஸ்ட்ல தலைல குண்டு பாஞ்சு செத்தாரு, வயசு 27. தனிம அட்டவணைல அணு எண்ணுன்னு நாம படிக்கறோமே, அதுக்கு அர்த்தம் என்னன்னு சோதனை பண்ணிக் காட்டினவரு. அவரைப் போர்முனைக்கு அனுப்பாதீங்கன்னு ரூதர்ஃபோர்டு முயற்சி பண்ணிப் பார்த்தாரு, நடக்கல. ஒருத்தரைப் பறிச்ச இடத்துல இருந்து திரும்பி வந்த இன்னொருத்தரு வீட்டு மாப்பிள்ளையா ஆனாரு. ஞாயித்துக்கிழமை ஆனா மாமனாரும் மாப்பிள்ளையும் கோல்ஃப் ஆடப் போவாங்க, ஆட்டத்தைவிட பேச்சுதான் ஜாஸ்தி.

மூணு பேரப்பிள்ளைங்க பொறந்தாங்க. 1930 டிசம்பர்ல நாலாவது குழந்தை, பொண்ணு, ரூத். குழந்தை பொறந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், டிசம்பர் 23, ரத்தக்கட்டி அடைச்சு ஐலீன் இறந்துட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அதுக்கடுத்த வாரம் புதுவருஷப் பட்டியல்ல இவருக்கு பிரபு பட்டம்னு அரசாங்கம் அறிவிக்குது, நெல்சன் ரூதர்ஃபோர்டு பிரபு. ஊரே வாழ்த்து சொல்லி தந்தி அனுப்புது, வீட்ல பிணம் எடுத்து பத்து நாள்கூட ஆகல. நியூசிலாந்துல இருந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு தந்தி அடிச்சாரு, "இப்ப ரூதர்ஃபோர்டு பிரபு. இது எனக்கில்ல, உங்களுக்குத்தான் பெருமை"ன்னு. அந்த அம்மா 92 வயசு வரைக்கும் இருந்தாங்க, மகனும் கடல் தாண்டினதுல இருந்து அவங்களுக்கு லெட்டர் போடறதை நிறுத்தல.

அவரு அதுக்கப்புறம் சட்டுனு வயசாயிட்டாரு, கூன் விழுந்துச்சுன்னு கூட இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. பெரிய பையன் பீட்டருக்கு அப்ப ஏழு வயசு, கடைசிப் பொண்ணு கைக்குழந்தை. இந்த நாலு பேரும்தான் மனுஷனை இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தாங்க. வீட்டுக்கு வந்து போவாங்க, லீவுக்கு கிராமத்து வீட்டுக்கு வருவாங்க. உலகம் முழுக்க பேரு எடுத்த மனுஷன், 1933ல ஹிட்லர்கிட்ட இருந்து தப்பி வந்த விஞ்ஞானிகளுக்கு வேலை தேடிக் குடுக்கற சங்கத்துக்குத் தலைவரு, ஐன்ஸ்டீனோட ஒரே மேடைல உட்கார்ந்தவரு, அவருக்கு நடுவுல இந்தப் பிள்ளைங்களுக்கும் நேரம் இருந்துச்சு. ஆறு மணிக்கு லேபைப் பூட்டற ஆளுக்கு எப்படி இல்லாம போகும்.

ஐலீன் போனதுக்கப்புறம் அவருக்கு ஏழு வருஷம்கூட முழுசா கிடைக்கல ஐயா. ரொம்ப நாளா ஹெர்னியா இருந்துச்சு, பெருசா எடுத்துக்காம விட்டுட்டாரு, 1937 அக்டோபர்ல அது திருகிக்கிட்டு ஆபரேஷன் பண்ணி, 19ம் தேதி இறந்துட்டாரு. வயசு 66. கடைசி நாள்ல மனைவியைக் கூப்பிட்டு, நெல்சன் காலேஜுக்கு நூறு பவுண்டு குடுக்கணும், மறந்துராதேன்னு ரெண்டு தடவை சொன்னாரு. சின்ன வயசுல அவரு படிச்ச ஸ்கூல் அது. அஸ்தியை வெஸ்ட்மின்ஸ்டர் அபேல நியூட்டன் பக்கத்துல வச்சாங்க. ஆண் வாரிசு இல்லாததால பிரபு பட்டம் அவரோடயே போச்சு.

பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு உங்களுக்குக் கண்டிப்பா தோணும். பீட்டர் ஃபௌலர் பிரிஸ்டல்ல காஸ்மிக் கதிர் ஆராய்ச்சில பெரிய ஆளானாரு. அவரு கல்யாணம் பண்ண ரோஸ்மேரி, 1948ல மாணவியா இருக்கும்போதே போட்டோ தகட்டுல கே-மேசான்ங்கிற துகள் மூணா சிதையற தடத்தைக் கண்டுபிடிச்சவங்க, அப்புறம் குழந்தைங்க ஆச்சுன்னு பிஎச்டியைப் பாதில விட்டுட்டாங்க. 2024ல, 98 வயசுல, அதே பிரிஸ்டல் யுனிவர்சிட்டி கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. லேட்டுன்னாலும் குடுத்தாங்களே.

அப்புறம் ரூத், தாயில்லாம வளர்ந்த அந்தக் கடைசிக் குழந்தை. மரபியல் படிச்சாங்க, எடின்பரோல கூடப் படிச்ச ராபர்ட் எட்வர்ட்ஸைக் கல்யாணம் பண்ணாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எலிக்கு ஹார்மோன் குடுத்து நாம சொல்ற நேரத்துல நிறைய கருமுட்டை வர வைக்கலாம்னு 1957ல காட்டினாங்க. அந்த வழியிலயே போய்தான் 1978 ஜூலை 25ல உலகத்தோட முதல் டெஸ்ட் டியூப் பேபி பொறந்துச்சு. இன்னைக்கு தஞ்சாவூர், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு எதிர்லயெல்லாம் கருத்தரிப்பு மையம் போர்டு தொங்குதே, அதோட ஆரம்பத்துல ரூதர்ஃபோர்டு பேத்தி உழைப்பும் இருக்கு. எட்வர்ட்ஸுக்கு 2010ல நோபல் குடுத்தாங்க, அவருக்கு உடம்பு முடியல, ஸ்டாக்ஹோம் போய் ராஜா கையால பரிசை வாங்கினது ரூத்தான். தாத்தா அதே ஊர்ல வாங்கி 102 வருஷம் கழிச்சு.

உங்க பேத்தி நல்லா வருவா ஐயா. என்ன படிக்கறான்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க.

ரூதர்ஃபோர்டுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? ராமன் நோபல் வாங்கின காலம்தானே?
(மதுரை)

நிறைய உண்டு. 1930ல ராமன் பேரை நோபலுக்குப் பரிந்துரை பண்ணவங்கள்ல ரூதர்ஃபோர்டும் ஒருத்தர். அதே 1930ல சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு முடிச்சுட்டு 19 வயசுல கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ் போனாரே எஸ்.சந்திரசேகர், அவரோட கைடு யாருன்னு நினைக்கறீங்க? ரூதர்ஃபோர்டோட மாப்பிள்ளை ஃபௌலர்தான். சந்திரா போய்ச் சேர்ந்த அந்த வருஷக் கடைசியிலதான் கைடோட மனைவி இறந்தது. ஹோமி பாபாவுக்கும் ஃபௌலர்தான் கைடு, இயற்பியல் மேதை டிராக்குக்கும் அவருதான். 1983ல சந்திராவோட நோபலைப் பங்கு போட்ட ஃபௌலர் வேற ஆளு, அமெரிக்கக்காரர் வில்லியம் ஃபௌலர், குழப்பிக்காதீங்க.

1933 கிறிஸ்துமஸ் லீவுல டிரினிட்டி காலேஜ்ல சாப்பாடு முடிஞ்சு சில பேரு உட்கார்ந்து பேசிட்டு இருந்ததை சந்திரசேகர் எழுதியிருக்காரு. அணுவுக்கு உருவம் குடுத்ததே நீங்க, ஆனா ஐன்ஸ்டீனுக்கு உங்களைவிட ஏன் இவ்ளோ பேருன்னு ரூதர்ஃபோர்டுகிட்ட ஒருத்தர் கேட்டாரு. ரூதர்ஃபோர்டு பக்கத்துல இருந்த வானியல் அறிஞர் எடிங்டன் பக்கம் திரும்பி "எல்லாம் உன்னாலதான்யா"ன்னுட்டாரு. போர் முடிஞ்சு ஜனங்க நொந்து கிடந்த நேரம், ஒரு ஜெர்மன்காரரோட கணிப்பை எடிங்டன் மாதிரி இங்கிலாந்துக்காரங்க கப்பல்ல போய் கிரகணத்தைப் பார்த்து சரின்னு சொன்னாங்க, அது ஜனங்க மனசைத் தொட்டுருச்சுன்னு விளக்கம் வேற. பொறாமையே இல்லாம எப்படி அலசறாரு பாருங்க. அந்த மேஜைல ஓரமா நம்ம ஊர் 23 வயசுப் பையனும் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு.

இன்னொண்ணு. 1938 ஜனவரில கல்கத்தாவுல நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு 25வது வருஷம், அதுக்குத் தலைவரா வர ரூதர்ஃபோர்டு ஒத்துக்கிட்டிருந்தாரு. மூணு மாசத்துக்கு முன்னாடி இறந்துட்டாரு, அவரு தயார் பண்ணி வச்சிருந்த தலைமை உரையோட ஜேம்ஸ் ஜீன்ஸ் வந்து மாநாட்டை நடத்திக் குடுத்தாரு.

அணுகுண்டுக்கு இவருதானே காரணம்?
(பெயர் போடல, சேலம்)

இல்லீங்க. கருவைக் கண்டுபிடிச்சதுக்காக இவரைப் பிடிச்சா இரும்பைக் கண்டுபிடிச்சவரைக் கத்திக்குத்து கேஸ்ல உள்ள போடணும். அணுல இருந்து சக்தி எடுக்கலாம்னு பேசறது வெறும் கற்பனைன்னு 1933ல மேடைலயே சொன்னவரு இவரு. அந்த விஷயத்துல அவரு கணிப்பு தப்பாப் போச்சு, அவரு இறந்து ஒரு வருஷம் கழிச்சு யுரேனியம் பிளவுபடறது தெரிய வந்துச்சு. அதைக் கண்டுபிடிச்ச ஹானும் இவருகிட்ட கனடாவுல வேலை பார்த்தவர்தான்.

அவரு கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திங்கள்ல யாராவது விஞ்ஞானியா இருக்காங்களா? சும்மா ஒரு ஆர்வம்தான்.
(பிளஸ் டூ மாணவி, தேனி)

இருக்காங்கம்மா. பீட்டர், ரோஸ்மேரியோட பொண்ணு மேரி ஃபௌலர், புவி இயற்பியல் அறிஞர், கேம்பிரிட்ஜ்ல டார்வின் காலேஜுக்குத் தலைவரா இருந்தவங்க. பூமிக்குள்ள என்ன நடக்குதுன்னு அவங்க எழுதின பாடப் புத்தகத்தைத்தான் பல நாட்டுல பசங்க படிக்கறாங்க. கொள்ளுத்தாத்தாவுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு, கதிரியக்கத்தை வச்சு பாறைக்கு வயசு சொல்ல முடியும்னு முதல்ல செஞ்சு காட்டினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

1904ல லண்டன்ல இதைப் பத்திப் பேசப் போனாரு. மேடை ஏறிப் பார்த்தா இருட்டுல கெல்வின் பிரபு உட்கார்ந்திருக்காரு, பூமி சூடு ஆறற கணக்கை வச்சு அதுக்கு அவ்ளோ வயசு கிடையாதுன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்த பெரியவரு. நல்லவேளையா தூங்கிட்டாரு. இவரு பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் பெரியவரு டக்குனு முழிச்சு ஒரு கண்ணால முறைக்கறாரு. இவருக்கு அந்த நிமிஷத்துல ஒரு ஐடியா, "புதுசா வேற ஏதும் வெப்பத்துக்கு வழி தெரிய வராத வரைக்கும்தான் இந்த வயசுன்னு கெல்வின் பிரபு அப்பவே சொல்லியிருக்காரு, கதிரியக்கம்ங்கற அந்தப் புது வழியைத்தான் இன்னைக்கு ராத்திரி பேசறோம்"னு போட்டாரு ஒரு போடு. பெரியவரு முகமெல்லாம் சிரிப்பு.